சிரிக்கத் துணிந்தவர் அஞ்சார்!

ஆதிக்கம் செலுத்துவோன் கையில் படைக்கலன்கள் பல உண்டு. நிலம் அவனுடையது; பணம் அவனுடையது. காவலர் அவன் வாயிலில் நிற்கின்றனர். வழக்கறிஞர் அவன் சொல்லுக்காகக் காத்திருக்கின்றனர். எனினும், இவை அனைத்தையும்விட வலிவு மிக்க படைக்கலன் ஒன்று அவனுக்கு இருக்கிறது. அதற்காக அவன் ஒரு காசும் செலவிடுவதில்லை. தன் மாளிகையில் வைத்துக் காப்பதும் இல்லை. உழைத்து ஓடாய்த் தேய்ந்தவனின் நெஞ்சிலேயே அது குடியிருக்கிறது. அச்சம் என்பது அதன் பெயர்.

இந்த அச்சத்தை எங்ஙனம் போக்குவது? பொதுக்கூட்டம் கூட்டுகிறோம், புள்ளிவிவரங்களை அடுக்குகிறோம், தீர்மானங்களை நிறைவேற்றுகிறோம். எல்லாம் வேண்டியவைதாம். ஆனால் அஞ்சி நடுங்குவோன் கூட்டத்திற்கே வருவதில்லையே! வந்தாலும், பந்தலின் ஓரத்தில், வெளிச்சம் படாத இடமாகப் பார்த்து நின்று, முதலாளியின் ஆள் எவனேனும் தன்னைக் கவனிக்கிறானோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, பாதியிலேயே வீடு திரும்பி விடுகிறானே! தனக்கு இழைக்கப்படும் அநீதியை அவன் அறியாதவனல்லன். நம்மைவிட நன்றாக அறிந்தவன். முதுகில் சுமப்பவன் அவனன்றோ! அவனுக்கு இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: எதிரே மிடுக்குடன் நிற்பவனும் தன்னைப் போன்ற மனிதனே, எதிர்த்து வெல்லத் தக்கவனே என்னும் நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை ஊட்டும் ஆற்றல் கூத்துக்கு உண்டு, நையாண்டிக்கு உண்டு, தெருவோரத்தில் பத்துப் பேர் ஒன்றாகச் சேர்ந்து சிரிக்கும் சிரிப்புக்கு உண்டு. "வயிறு காயும் மக்களிடம் போய் வேடிக்கை காட்டுவதா? உரிமைப் போர் நடத்த வேண்டியவர்கள் கோமாளி வேடம் கட்டுவதா?" என்று முகம் சுளிப்போர் நம்மிடையேயும் உளர். அவர்களுக்கு விடையாக ஒரு போராட்டத்தின் வரலாற்றை எடுத்துரைக்க விரும்புகிறோம். செல்வச் செழிப்பில் முன்வரிசையில் நிற்கும் அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் திராட்சைத் தோட்டங்களில், 1965 ஆம் ஆண்டில் தொடங்கிய வரலாறு அது.

சட்டம் கைவிட்ட மக்கள்

சங்கம் அமைக்கவும், கூட்டுப் பேரம் பேசவும் அமெரிக்கத் தொழிலாளருக்கு உரிமை வழங்கிய சட்டம் 1935 இல் பிறந்தது. ரூஸ்வெல்ட் ஆட்சியின் பெருமைகளுள் ஒன்றாக அதனைப் போற்றுவர். ஆனால் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு ஆலைத் தொழிலாளி தென்பட்டான். வயலில் குனிந்து நின்றவன் தென்படவில்லை. விவசாயத் தொழிலாளருக்கு இது பொருந்தாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்தனர். அந்நாட்டின் நடுவண் சட்டத்தில் அந்த விலக்கு இன்றளவும் நீடிக்கிறது.

சட்டம் கைவிட்டது ஒருபுறம். 1942 முதல் 1964 வரை, அரசுகளின் உடன்பாட்டின்படி மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை வரவழைக்கும் திட்டம் நடைமுறையில் இருந்தது மறுபுறம். கூலி போதவில்லை என்று எவனாவது வாய் திறந்தால், "எல்லைக்கு அப்பால் ஆயிரம் பேர் காத்திருக்கிறார்கள், நீ போகலாம்" என்னும் மிரட்டல் ஆயத்தமாக இருந்தது.

மூன்றாவது கொடுமை, நாமும் நன்கு அறிந்த பிரித்தாளும் சூழ்ச்சி. தோட்டங்களில் பிலிப்பைன்சு நாட்டினர் இருந்தனர். மெக்சிகோ வழியினரும் இருந்தனர். மொழியால், குடியிருப்பால், வேலைக் குழுவால் அவர்கள் பிரித்து வைக்கப்பட்டிருந்தனர். ஒரு சாரார் வேலைநிறுத்தம் செய்தால், மறு சாராரைக் கொண்டு அதனை முறியடிப்பது பண்ணை முதலாளிகளின் வாடிக்கை.

1965 செப்டம்பர் 8 அன்று, டெலானோ என்னும் சிற்றூரைச் சூழ்ந்த தோட்டங்களில் பிலிப்பைன்சுத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். லாரி இட்லியாங் அவர்களின் முன்னணித் தலைவர். மணிக்கு ஒரு டாலர் 40 சென்ட், பெட்டிக்கு 25 சென்ட் என்பது அவர்கள் கேட்ட கூலி. மெக்சிகோ வழியினரின் சங்கத்தைச் சீசர் சாவேசும் டோலரஸ் உவெர்ட்டாவும் கட்டி வளர்த்து வந்தனர். வயதில் இளைய சங்கம். கையில் நிதி இல்லை. "நம் காலம் இன்னும் வரவில்லை" என்று அவர்கள் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. செப்டம்பர் 16 அன்று, டெலானோவின் தேவாலயக் கூடத்தில் கூடி, பிலிப்பைன்சுத் தோழருடன் தோள் சேர்ந்து நிற்பதென முடிவெடுத்தனர். பிரித்தாளும் சூழ்ச்சிக்கு விழுந்த முதல் அடி அது.

சாலைக்கும் வயலுக்கும் இடையே

வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது, ஆனால் அதனை நடத்துவது எளிதாயில்லை. ஆலை என்றால் ஒரு வாயில் உண்டு. வாயிலில் நின்று மறியல் செய்யலாம். திராட்சைத் தோட்டத்திற்கு ஏது வாயில்? கல் கல்லாக, காத தூரம் பரந்து கிடக்கிறது. வேலைநிறுத்தக்காரர் பொதுச் சாலையில் நிற்கலாம். வயலுக்குள் ஓரடி வைத்தாலும் அத்துமீறல் வழக்கு. வெளியூரிலிருந்து கொண்டுவரப்பட்ட கருங்காலிகள் உள்ளே கொடிகளுக்கு இடையே வேலை செய்கின்றனர். சாலையிலிருந்து குரல் கேட்டால், மேற்பார்வையாளன் அவர்களை வயலின் நடுப்பகுதிக்கு ஓட்டிச் சென்று விடுகிறான்.

வேலைநிறுத்தம் என்பதற்கு அம்மக்களின் ஸ்பானிய மொழியில் "வெல்கா" என்று பெயர். நம் செவிக்கு "வெல்க" என்பது போலவே ஒலிக்கும் சொல்! அந்தச் சொல்லைக் கேட்டே அதிகாரம் நடுங்கியது. சாலையோரம் நின்று அச்சொல்லை முழங்கக் கூடாதென்று காவல்துறை தடுத்தது. 1965 அக்டோபரில், தடையை மீறி முழங்கிய குற்றத்திற்காக 44 பேர் கைது செய்யப்பட்டனர். ஒரு சொல்லுக்கு 44 பேர்!

இங்கே நாம் உற்று நோக்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. வயலில் இருந்த கருங்காலி யார்? அவனும் ஏழை. அவனும் பிள்ளைகளின் பசிக்காக வந்தவன். சாலையிலிருந்து அவனை வசைபாடினால் என்ன நிகழும்? குனிந்த தலை மேலும் குனியும், மனம் இறுகும், முதலாளி சொன்னதே மெய், இவர்கள் கலகக்காரர்தாம் என்று எண்ணுவான். வசையால் ஒருவனை விரட்டலாம். நம் பக்கம் சேர்க்க முடியாது. அவனைச் சுடாமல் அவன் நிலையை அவனுக்குக் காட்ட வேண்டும். அதற்குக் கண்ணாடி வேண்டும். அந்தக் கண்ணாடியைக் கொண்டு வந்தவர் ஓர் இளைஞர்.

கழுத்தில் தொங்கிய அட்டை

லூயி வால்டெஸ் என்பது அவர் பெயர். அதே டெலானோவில் 1940 இல் பிறந்தவர். ஊர் ஊராய்ப் போய் அறுவடை வேலை செய்யும் குடும்பத்தின் பிள்ளை. சிறு வயதிலேயே வயலில் இறங்கியவர். எப்படியோ கல்லூரி வரை படித்து, சான் பிரான்சிஸ்கோ நகரில், பூங்காக்களில் அங்கத நாடகங்கள் நடத்தி வந்த குழு ஒன்றில் பயின்று கொண்டிருந்தார். வேலைநிறுத்தச் செய்தி கேட்டதும் பிறந்த ஊருக்கே திரும்பினார். தொழிலாளருக்கென ஒரு நாடகக் குழு அமைக்கலாமே என்று சாவேசிடம் கேட்டார். நாடகத்திற்குப் பணம் இல்லை, நடிகர் இல்லை, மேடை இல்லை, ஒத்திகைக்கு நேரமும் இல்லை என்பதே அன்று சாவேஸ் தந்த விடை என்று வால்டெஸ் பிற்காலத்தில் நினைவு கூர்ந்திருக்கிறார். எனினும் முயன்று பார்க்கத் தடை சொல்லவில்லை.

முதல் கூட்டத்திற்கு வந்தவர்கள் தொழிலாளர்கள். நாடகம் என்றதும் கூச்சப்பட்டு நின்றனர். வால்டெஸ் நாடகக் கலை பற்றி விரிவுரை ஆற்றவில்லை. சில அட்டைகளை எடுத்தார். ஒன்றில் "வேலைநிறுத்தக்காரன்" என்றும், மற்றொன்றில் "கருங்காலி" என்றும் எழுதினார். ஆளுக்கொன்றாய்க் கழுத்தில் மாட்டினார். "இன்று காலை மறியலில் நடந்ததைச் செய்து காட்டுங்கள்" என்ற அளவில் விட்டுவிட்டார்.

அவ்வளவுதான்! கூச்சம் பறந்தது. வேலைநிறுத்தக்காரன் அட்டை மாட்டியவர் முழங்கினார். கருங்காலி அட்டை மாட்டியவர் தலையைச் சொறிந்து, விழித்து, நெளிந்தார். கூடியிருந்தோர் வயிறு குலுங்கச் சிரித்தனர். காலையில் கண்ணீரை வரவழைத்த காட்சி மாலையில் சிரிப்பை வரவழைத்தது. எப்படி? காலையில் அவர்கள் அந்தக் காட்சிக்குள் அகப்பட்டிருந்தனர். மாலையில் அதற்கு வெளியே நின்று பார்த்தனர். தம் வாழ்வைத் தாமே வெளியே நின்று பார்க்கத் தொடங்கியவன், "இது இப்படித்தான் இருக்க வேண்டுமா?" என்று கேட்கத் தொடங்குகிறான். அந்தக் கேள்வி பிறந்த இடத்தில் அச்சத்தின் பிடி தளர்கிறது.

இவ்வாறு பிறந்ததே "தியாத்ரோ கம்பெசினோ" என்னும் உழவர் நாடகக் குழு. லாரியின் திறந்த பின்தளமே மேடை. கையால் எழுதிய அட்டைகளே வேட விளக்கம். நாடகங்கள் கால் மணி அளவில் முடிந்துவிடும். அவற்றை "ஆக்டோ" என்றனர். எழுதி வைத்த வசனம் இல்லை. தொழிலாளர்கள் கூடிப் பேசிப் பேசி அமைத்தவை. கேட்போர் பேசும் மொழியிலேயே, ஸ்பானியமும் ஆங்கிலமும் கலந்த அன்றாடப் பேச்சிலேயே அவை நடந்தன.

பன்றி முகமூடி

1965 இல் அவர்கள் உருவாக்கிய ஒரு குறுநாடகம் "முதலாளியின் இரு முகங்கள்" என்பது. கதை எளியது. மெக்சிகோவிலிருந்து அழைத்து வரப்பட்ட ஏழைக் கூலி ஒருவன் கொடி வெட்டிக் கொண்டிருக்கிறான். முதலாளி வருகிறான். பன்றி முகத்தைப் போன்ற முகமூடி, வாயில் சுருட்டு, கையில் சாட்டை, பக்கத்தில் முரட்டுக் காவலாள். வந்தவன் தன் துன்பத்தைப் புலம்புகிறான்! பெரிய வீடு, பெரிய கார், செலவு மிகுந்த மனைவி: எத்தனை கவலை தெரியுமா எனக்கு? உனக்கென்ன, கூரை தந்திருக்கிறேன், வண்டி தந்திருக்கிறேன், கவலையற்ற வாழ்வு உன்னுடையது, நான் நீயாக இருக்கக் கூடாதா என்று ஏங்குகிறான்.

ஏங்கியவன் உண்மையாகவே இடம் மாறிப் பார்க்க விரும்புகிறான். முகமூடியும் சுருட்டும் சாட்டையும் கூலியிடம் போகின்றன. கூலியின் அட்டையும் கத்தரியும் முதலாளியிடம் வருகின்றன. அடுத்த நொடியே தலைகீழ் மாற்றம். புதிய முதலாளி, பழைய முதலாளி பேசிய அதே சொற்களை, அதே அதட்டலுடன் பேசுகிறான். வீடு என்னுடையது, கார் என்னுடையது, நீ குனிந்து வேலை செய் என்கிறான். பழைய முதலாளி அலறுகிறான். தன் காவலாளைக் கூப்பிடுகிறான். காவலாளுக்கோ அவனை அடையாளம் தெரியவில்லை. கலகம் செய்யும் கூலி என்றெண்ணி அவனையே இழுத்துச் செல்கிறான். இறுதியில் அந்த முதலாளியே சங்கத்தையும் சாவேசையும் துணைக்கு அழைத்து, "வெல்கா!" என்று கதறுகிறான். எஞ்சி நின்ற தொழிலாளி, இந்த வீடும் நிலமும் எனக்கு வேண்டாம், அவனே வைத்துக் கொள்ளட்டும், சுருட்டை மட்டும் எடுத்துக் கொள்கிறேன் என்று சொல்லிப் போகிறான்.

சிரித்து மறந்துவிடக் கூடிய வேடிக்கையா இது? எண்ணிப் பாருங்கள். முதலாளியின் வலிமை எங்கே இருந்தது? முகமூடியில் இருந்தது, சாட்டையில் இருந்தது, அவற்றைக் கண்டு அஞ்சுவோரின் கண்ணில் இருந்தது. அவற்றைக் கழற்றினால் எஞ்சுவது ஒரு சாதாரண மனிதன், அதுவும் ஒரு நாள் வயல் வேலைக்குத் தாங்காத மனிதன். நூறு சொற்பொழிவுகளால் விளக்க வேண்டிய இந்த உண்மையை ஒரு முகமூடி கைமாறிய நொடியில் மக்கள் கண்டுகொண்டனர். நம் தெருக்கூத்தில் அரசன் கொலுவிருக்கும்போதே அவனைக் கிண்டல் செய்யும் கட்டியங்காரனைக் கண்டு பழகிய நமக்கு, இந்தக் கலையின் சூட்சுமத்தை விளக்கவே வேண்டியதில்லை.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. அந்த நாடகத்தின் கதாநாயகன் யார்? வேலைநிறுத்த வீரனல்லன், முதலாளி அழைத்து வந்த கூலி! எவனைச் சாலையிலிருந்து வசைபாடினால் மனம் இறுகுமோ, அவனையே நடுவில் நிறுத்தி, அவன் கையில் வெற்றியைக் கொடுத்தனர். நையாண்டியின் கூர்முனை முதலாளியை நோக்கி. நீட்டிய கை வழிதவறிய தோழனை நோக்கி. இந்த வேறுபாட்டை அறிந்த சிரிப்பே அரசியல் அறிந்த சிரிப்பு.

பணம் பூத்த சட்டை

1966 இல் வந்த மற்றொரு நாடகத்தின் பெயர் "ஐந்தாவது பருவம்". கோடையும் குளிரும் இங்கே மனிதராய் வருகின்றன. கோடை வருகிறது, அதன் சட்டை முழுவதும் பணத்தாள்கள் ஒட்டியிருக்கின்றன. உழைப்பாளி பாய்ந்து பாய்ந்து தாள்களைப் பறித்துத் தன் பின்பையில் திணிக்கிறான். அவனுக்குப் பின்னே நிற்கிறான் கங்காணி. அந்தப் பையிலிருந்து தாள்களை உருவித் தன் பையில் போடுகிறான். கங்காணிக்குப் பின்னே நிற்கிறான் முதலாளி. கங்காணியின் பையிலிருந்து உருவிக் கொள்கிறான். பருவம் முடிகிறது. உழைப்பாளி பையைத் தடவிப் பார்க்கிறான், ஒன்றுமில்லை. எதிரே குளிர்காலம் வந்து நிற்கிறது, வாடகை கேட்டு, விறகு கேட்டு, உணவு கேட்டு.

உபரி மதிப்பைப் பற்றி நாம் எத்தனை நூல்கள் எழுதியிருக்கிறோம்! எழுதப் படிக்கத் தெரியாத ஒருவனுக்கு அதை மூன்று நிமிடத்தில், மூன்று பேர் வரிசையாய் நின்று விளக்கிவிட்டனர். கூலி எங்கே போகிறது, எவன் கை வழியாகப் போகிறது, கடைசியில் எவன் பையில் சேர்கிறது என்பதைச் சிரித்துக் கொண்டே கற்றுக் கொண்டான் அவன். நாடகத்தின் முடிவில் ஒன்றுபட்ட உழைப்பாளருக்குத் துணை வருகிறது, ஒப்பந்தம் கையெழுத்தாகிறது, நான்கு பருவங்களுக்கு அப்பால் ஐந்தாவது பருவம் பிறக்கிறது. சமூக நீதியே அந்த ஐந்தாவது பருவம்.

300 மைல் நடந்த சிரிப்பு

1966 மார்ச் 17 அன்று, டெலானோவிலிருந்து மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோ நோக்கித் தொழிலாளரின் நடைப்பயணம் புறப்பட்டது. சுமார் 300 மைல், 25 நாள். பகலெல்லாம் நடை, கால் கொப்பளித்து, உடல் சோர்ந்து ஓர் ஊரை அடைவர். இரவில் அந்த ஊர் மக்கள் கூடுவர். லாரித் தளத்தில் விளக்கெரியும், கூத்து தொடங்கும். நடந்து களைத்தவர்களுக்கு ஊக்கமும், வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு விளக்கமும் ஒரே மேடையில் கிடைத்தன. அதுவரை அச்சத்தால் ஒதுங்கி நின்ற ஊர்களில், கூத்துப் பார்க்க வருவது குற்றமாகாதே என்று வந்தவர்கள் ஆயிரமாயிரம் பேர். வந்தவர்கள் தம்மைப் போன்றே வந்த மற்றவர்களைக் கண்டனர். "நான் தனியாள் அல்லேன்" என்னும் உணர்வு அங்கே பிறந்தது.

நடைப்பயணம் முடியுமுன்பே, ஏப்ரல் தொடக்கத்தில், ஷென்லி என்னும் பெரிய மது நிறுவனம் சங்கத்தை அங்கீகரிக்க இசைந்தது. ஏப்ரல் 10, ஈஸ்டர் திருநாளன்று ஆயிரக்கணக்கானோர் தலைநகரில் திரண்டனர். அவ்வாண்டே பிலிப்பைன்சுத் தொழிலாளர் சங்கமும் மெக்சிகோ வழியினர் சங்கமும் ஒன்றாயின. திராட்சைப் புறக்கணிப்பு நாடெங்கும் பரவிற்று. ஐந்தாண்டுப் போராட்டத்திற்குப் பின், 1970 ஜூலை 29 அன்று டெலானோவின் பண்ணை முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். மணிக்கு 1 டாலர் 80 சென்ட் கூலி என்றாயிற்று.

சிரிப்பு மட்டும் போதுமா?

இந்த வெற்றியைக் கூத்துக் கலைஞரே ஈட்டித் தந்தனர் என்று கூறினால், அது வரலாற்றுக்குச் செய்யும் அநீதியாகும். வேலை இழந்து ஐந்தாண்டுகள் தாக்குப் பிடித்த குடும்பங்கள் ஈட்டியது அது. நகரங்களில் கடை கடையாய்ச் சென்று திராட்சையை வாங்காதீர் என்று மன்றாடிய தொண்டர்கள் ஈட்டியது அது. சங்கம் என்னும் தண்டவாளத்தின் மீதே அந்தச் சிரிப்பு என்னும் வண்டி ஓடியது. தண்டவாளமின்றி வண்டியை மட்டும் வைத்துக் கொண்டு எங்கே போக முடியும்?

பின்னர் நிகழ்ந்ததையும் மறைக்கத் தேவையில்லை. 1967 இல் நாடகக் குழு சங்கத்தினின்று பிரிந்து தனிக் குழுவாயிற்று. சங்கப் பணிகளின் நெருக்கடியும், கலைக்கு வேண்டிய பயிற்சியும் ஒன்றோடொன்று மோதின. 1970 இன் ஒப்பந்தங்கள் 1973 இல் முடிவுற்றபோது, பண்ணை முதலாளிகள் பலர் இந்தச் சங்கத்தைப் புறக்கணித்து, வேறொரு சங்கத்துடன் உடன்பாடு செய்து கொண்டனர். மீண்டும் மறியல், மீண்டும் சிறை. 1975 இல்தான் கலிபோர்னியாவில் விவசாயத் தொழிலாளர் சங்க உரிமைக்கெனத் தனிச் சட்டம் வந்தது. எனவே, ஒரு கூத்தும் ஒரு கையெழுத்தும் நிலைத்த விடுதலையைத் தந்துவிடும் என்று எவரும் கனவு காண வேண்டாம். பெற்றதைக் காக்க, பெறுவதற்குப் பட்ட பாட்டைவிட மிகுதியாகப் பாடுபட வேண்டும்.

ஆனால் ஒன்று உறுதி. சாலையில் நின்ற மனிதனுக்கும் வயலில் நின்ற மனிதனுக்கும் இடையே இருந்த அந்த அச்சத்தின் வேலியை முதலில் தாண்டியது சிரிப்பொலிதான். சட்டப்படி அத்துமீறல் வழக்குத் தொடர முடியாத ஒரே ஆள் அதுதான்!

ஜண்டாபூரில் சிந்திய குருதி

"சிரிப்பு வலிவற்றது" என்போருக்கு நம் நாட்டின் சான்று ஒன்றையும் கூறுவோம். வலிவற்றதாயின், ஆதிக்கக்காரர் அதனைக் கொல்ல ஏன் தடியெடுக்க வேண்டும்?

டெல்லியில் 1973 இல் தோன்றியது ஜன நாட்டிய மஞ்ச். நெருக்கடி நிலை முடிந்த பின், பெரிய மேடை நாடகங்களை ஏற்று நடத்தப் பணமின்றித் தொழிற்சங்கங்கள் தவித்த நேரம். மேடையே வேண்டாம், மக்கள் நிற்கும் இடமே மேடை என்று அக்குழு முடிவு செய்தது. 1978 இல் "மெஷின்" என்னும் வீதி நாடகம் பிறந்தது. நடிகர்கள் தம் உடல்களையே சக்கரமாகவும் தண்டாகவும் இணைத்து ஓர் இயந்திரமாய் இயங்குவர். திடீரென இயந்திரம் நின்றுவிடும். ஏன் நின்றது என்பதே கதை. சைக்கிள் நிறுத்த ஓரிடமும், தேநீர் அருந்த ஓரிடமும் கேட்ட தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நடந்த ஓர் ஆலை நிகழ்ச்சியே அந்த நாடகத்தின் கரு. கேட்டது எவ்வளவு சிறியது. கிடைத்தது எவ்வளவு கொடியது! அந்த முரணையே விளையாட்டாய் ஆடிக் காட்டினர். 1979 இல் டெல்லியில் பேருந்துக் கட்டணம் உயர்ந்தபோது, உடனே ஒரு நையாண்டி நாடகத்தை அமைத்துப் பயணிகளின் நடுவே நிகழ்த்தினர்.

1989 ஜனவரி 1. டெல்லியை அடுத்த சாகிபாபாத் தொழிற்பேட்டையின் ஜண்டாபூரில், தொழிலாளர் குடியிருப்பின் நடுவே "ஹல்லா போல்" என்னும் நாடகம் நடந்து கொண்டிருந்தது. முந்தைய நவம்பரில் டெல்லித் தொழிலாளர் நடத்திய ஏழு நாள் வேலைநிறுத்தத்தை ஒட்டி எழுந்த நாடகம் அது. நடுவில் அடியாட்கள் பாய்ந்தனர். ராம் பகதூர் என்னும் தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். தலையில் கொடுங்காயமுற்ற சப்தர் ஹாஷ்மி மறுநாள் உயிர் நீத்தார். அவருக்கு வயது 34.

கூத்து நின்றுவிட்டதா? இல்லை. ஜனவரி 4 அன்று, அதே இடத்தில், சப்தரின் துணைவியார் மலையஸ்ரீயும் அவர்தம் தோழர்களும் பாதியில் நின்ற நாடகத்தை ஆடி முடித்தனர். திரண்டிருந்தோர் ஆயிரக்கணக்கானோர். குற்றவாளிகளுக்கு நீதிமன்றம் தண்டனை வழங்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மக்களோ மூன்றாம் நாளே தம் தீர்ப்பை வழங்கிவிட்டனர். சப்தர் பிறந்த ஏப்ரல் 12 ஆம் நாளை இன்று நாடெங்கும் வீதி நாடக நாளாகக் கொண்டாடுகின்றனர்.

நாம் கொள்ள வேண்டியது

தோழர்களே! இவ்வரலாறுகளிலிருந்து நாம் பெறும் பாடங்கள் தெளிவானவை.

சிரிப்புக்குத் திசை உண்டு. மேலிருந்து கீழே பாயும் சிரிப்பு உண்டு. வேலைக்காரனின் பேச்சையும், ஏழையின் உடையையும், உடற்குறை உள்ளவரின் நடையையும் ஏளனம் செய்யும் சிரிப்பு அது. அதனை நாள்தோறும் திரையிலும் தொலைக்காட்சியிலும் காண்கிறோம். அது ஆண்டையின் சிரிப்பு. நம் மேடையில் அதற்கு இடமில்லை. கீழிருந்து மேலே பாயும் சிரிப்பே நமக்கு உரியது. சாதிச் செருக்கையும், பணத்திமிரையும், பதவி மயக்கத்தையும் நோக்கி அது பாய வேண்டும்.

துன்பப்படுவோரே ஆட வேண்டும். அவர்களுக்காக நாம் எழுதிக் கொடுத்து, அவர்களைப் பார்வையாளராய் அமர வைப்பது பாதிப் பணி. டெலானோவில் அட்டை மாட்டியவர் அனைவரும் கூலிகள். கங்காணியின் நடையை அவனிடம் அடிபட்டவனைவிட நன்றாக எவன் நடித்துக் காட்ட முடியும்? அந்த நடையை ஒருமுறை நடித்துக் காட்டியவன் மறுநாள் கங்காணியின் எதிரே முன்போல் கூனிக் குறுகுவானா?

சிரிப்பு முடியும் இடத்தில் பணி தொடங்க வேண்டும். இதுவே யாவற்றினும் முதன்மையானது. வயிறு குலுங்கச் சிரித்து, நெஞ்சின் பாரம் குறைந்து, நிம்மதியாய் வீடு திரும்பி உறங்கிவிட்டால், அந்தக் கூத்தால் ஆதாயம் அடைந்தவன் முதலாளியே! ஆட்சியாளரைக் கிண்டல் செய்யும் காட்சிகளை ஆட்சியாளரே அனுமதிப்பதன் இரகசியம் இதுதான். கூத்து முடிந்து கூட்டம் கலையுமுன், அடுத்த கூட்டம் எந்நாள், எவரைக் காண வேண்டும், எந்தக் கோரிக்கைக்குக் கையெழுத்திட வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். கழுத்தில் தொங்கும் அட்டையைக் கழற்றியதும் கையில் சங்கச் சீட்டு இருக்க வேண்டும்.

பெரிய அரங்கம் வேண்டியதில்லை. ஒப்பனையறை வேண்டியதில்லை. நான்கு அட்டைகள், ஒரு முகமூடி, அஞ்சாத ஆறு பேர் போதும். எந்த ஊரில் மக்கள் பேச அஞ்சுகிறார்களோ, அந்த ஊருக்கு முதலில் செல்லுங்கள். முதல் நாள் அவர்கள் வாயைப் பொத்திக் கொண்டு சிரிப்பார்கள். இரண்டாம் முறை கையை எடுத்துவிட்டுச் சிரிப்பார்கள். மூன்றாம் முறை உங்கள் வசனத்தைத் திருத்துவார்கள். "அவன் அப்படிப் பேச மாட்டான், இப்படித்தான் பேசுவான்" என்று தாமே எழுந்து வந்து நடித்துக் காட்டுவார்கள். அன்று அட்டையை அவர்கள் கழுத்தில் மாட்டிவிட்டு, நீங்கள் கூட்டத்தோடு கூட்டமாய்த் தரையில் அமருங்கள்!